எடைக்கு உட்கார்ந்தவள்

பிப்ரவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

டிஸ்க் கலப்பையை எங்கள் பட்டறையில் இறக்கிய அன்று நான் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். எல்லாரும் சுற்றி நிற்க, "மண்ணுல இறங்கவே மாட்டேங்குது, எடை பத்தல. இவ அம்மாவத் தூக்கி மேல உட்கார வெச்சேன். மகராசிக்குப் பிடிச்சு உட்காரக்கூடத் தெரியல, விழுந்து கால ஒடிச்சுக்கிட்டா" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். நான் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "சிரிக்காதீங்க, அந்தக் கால்ல இன்னும் கம்பி இருக்கு" என்று சொல்லவில்லை. பெற்றவரை நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று வளர்த்திருக்கிறீர்கள். அம்மாவை மட்டும் விட்டுக்கொடுக்கலாம் போலிருக்கிறது.

அம்மாவுக்குச் சிகிச்சை முடிந்துவிட்டது. கைத்தடியோடு என் வீட்டு மாடிப்படி ஏறுகிறாள். கலப்பையும் அவளும் ஒரே லாரியில் வந்தாக வேண்டும் என்று சொல்லிப் போனீர்கள். கலப்பைக்கு மட்டும்தான் நான் பொறுப்பு. அது யார் செய்தது, எந்த மாடல் என்று தெரிந்தால் எழுதுங்கள்.

மகள்

பிப்ரவரி 17

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நான் சுகம். தமாஷுக்குச் சொன்னதைப் பிடிச்சுக்கிட்டு இப்படியா தொங்குவே? மூக்கு நுனியிலதான் உனக்குக் கோபம், அப்படியே உன் அத்தை.

மாடல் கீடல் எனக்குத் தெரியாது. வாங்கும்போதே பழசு. வருஷா வருஷம் என் கையாலே பெயிண்ட் அடிச்சு, பிள்ளை மாதிரி வெச்சிருந்தேன். யாரும் உங்க அம்மாவைக் கட்டாயப்படுத்தல. அவளாகத்தான் ஏறி உட்கார்ந்தா, கேட்டுப் பாரு.

உழவு நெருங்குது. ஓட்டல் சோறு தின்னு நாக்கு செத்துப்போச்சு. ரெண்டையும் சீக்கிரம் அனுப்பு.

அப்பா

மார்ச் 4

அப்பாவுக்கு,

நீங்கள் பிள்ளை மாதிரி பூசிய பெயிண்டை அடுக்கடுக்காகச் சுரண்டினேன். பேரிங் கூட்டின் மேல் இரும்பிலேயே வார்த்த கம்பெனி எழுத்துகள் தெரிந்தன. பழைய இரும்புக் கடையில் அதே எழுத்தோடு இன்னொரு கலப்பை கிடந்தது. அதன் முன்பக்கத்தில் ஒரு கைப்பிடி நிமிர்ந்து நின்றது. உங்களுடையதிலும் இருக்கிறது அப்பா. மடக்கிய நிலையில், மண்ணும் கிரீஸும் இறுகி, அதன் மேல் உங்கள் பச்சைப் பெயிண்ட்.

தட்டு வரிசைகளைச் சாய்க்கும் கைப்பிடி அது. வரிசைகள் நேராக நின்றால் தட்டுகள் சக்கரம் போலச் சும்மா உருளும். சாய்த்தால்தான் மண்ணைக் கடிக்கும். உங்கள் கலப்பைக்கு எடை பற்றாமல் போகவில்லை. அத்தனை வருஷமும் நீங்கள் ஒரு முறைகூடக் குனிந்து பார்க்கவில்லை.

அம்மாவைக் கேட்கச் சொன்னீர்கள். கேட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்: "கல்லு வைக்கலாம்னுதான் நான் சொன்னேன். கல்லு உருண்டு விழுந்தா தட்டு உடைஞ்சிடும், நீ உட்காருன்னாரு. உட்கார்ந்தேன்."

தட்டு உடையவில்லை. எல்லாம் நன்றாக இருக்கின்றன. துருவை எடுத்து, பேரிங்குகளை மாற்றி, கைப்பிடிக்கு எண்ணெய் விட்டு ஊற வைத்திருக்கிறேன்.

நேரில் வந்து எடுத்துப் போங்கள். அன்று சிரித்தவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால், அம்மா விழுந்தது அவள் தப்பில்லை என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகு அவள் வருவதைப் பற்றி அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

மகள்

மார்ச் 11

மகளுக்கு,

இரும்பைச் சரி பண்ணுன்னா என்னைச் சரி பண்ணக் கிளம்பிட்டே. வித்தவன் சொல்லல, எனக்கு எப்படித் தெரியும்? ஊர்ல எல்லாரும் எடைக்கு ஆள்தான் ஏத்துறாங்க. அவங்கவங்க பொண்டாட்டி விழல, என் பொண்டாட்டி விழுந்தா. பட்டறையில வந்து கை கட்டி நிக்க நான் என்ன திருடனா?

வியாழக்கிழமை லாரி வரும். எனக்கு வேலை இருக்கு, வரல. டிரைவர் பக்கத்து சீட்டுல அவளுக்கு மெத்தை போடச் சொல்லியிருக்கேன். கால் நீட்டி உட்காரலாம்.

அப்பா

மார்ச் 15

அப்பாவுக்கு,

வியாழக்கிழமை லாரி வந்தது. அம்மாவும் பட்டறைக்கு வந்தாள், பையில்லாமல். கட்டைகளின் மேல் ஏற்றி நிறுத்தியிருந்த கலப்பையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "எங்கடி அது?" என்றாள். காட்டினேன். கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். தட்டு வரிசைகள் மெல்லச் சாய்ந்தன.

"இவ்வளவுதானா?" என்றாள்.

பட்டறையில் யாரும் சிரிக்கவில்லை.

டிரைவர், "அம்மா, சீட்டு ரெடியா இருக்கு" என்று கூப்பிட்டார். அவள் போய் மெத்தையை அமுக்கிப் பார்த்தாள். "நல்ல மெத்தை. அவருக்கு முதுகு வலிக்கும், திருப்பிக் கொண்டுபோய்க் கொடுப்பா" என்றாள்.

கைப்பிடிக்கு மாதம் ஒரு முறை எண்ணெய் விடுங்கள். அதன் மேல் பெயிண்ட் பூசாதீர்கள்.

கலப்பை அன்று மாலையே புறப்பட்டுவிட்டது. அம்மா இங்கே இருக்கிறாள்.

மகள்