தறிக்குடோன் பக்கம் திருப்பின குழாய்

அக்கா,

ஆமா, பாப்பா காதுகுத்துக்கு நம்ம மைக்செட்டு வராது. அது போலீஸ் ஸ்டேஷன்ல கெடக்குது.

சாயப்பட்டறைத் தண்ணி கெணத்துல கலக்கறதைப் பத்திக் கலெக்டர் போட்ட கூட்டத்துல நம்ம பழனியாத்தாக்கா எந்திரிச்சு, "ஏனுங்க கலெக்டர் சார், எங்க கெணத்துத் தண்ணி ஒரு டம்ளர் குடிச்சுப்போட்டுப் பேசுங்க"ன்னு கேட்டுச்சு. இன்ஸ்பெக்டர் மைக்கை நிறுத்தச் சொன்னான். நான் சத்தத்தைக் கூட்டிட்டேன்.

கல்லெறியத் தூண்டுச்சுன்னு பொய்க்கேசு போட்டு அந்தக்காவை உள்ள வெச்சுட்டானுங்க. "அவ கல்லெறியச் சொன்னதை நானும் கேட்டேன்னு கையெழுத்துப் போடு, செட்டைத் தூக்கிட்டுப் போடா"ங்கறான் இன்ஸ்பெக்டர். போடலை.

எழுத்து ஏன் கோணலா இருக்குதுன்னு கேக்காதே. இடது கைல எழுதறேன். அம்மாகிட்டச் சொல்லிப்போடாதே.

ஆனா அன்னைக்கு ஒரு ஸ்பீக்கர் குழாயைத் தறிக்குடோன் பக்கம் திருப்பிக் கட்டியிருந்தேன்க்கா. அந்தக்கா பேசுனதை ஊரே கேட்டுச்சு. இப்பத் தறியை நிறுத்திப்போட்டு, "நாங்களும் சாட்சிக்கு வாரோம்"னு எல்லாரும் நம்மூட்டு வாசல்ல நிக்கறாங்க. அந்தக்கா கேசு இன்னைக்கு; கோயமுத்தூர் கோர்ட்டுக்குப் பஸ் வந்துருச்சு, நான் போறேன்.

உன் தம்பி