பட்டியலில் இல்லாத ஆறு பேர்

2021 பெப்ரவரி 9, செவ்வாய்.

உடம்பு அலுத்துவிட்டது, நித்திரைதான் வரவில்லை.

வெள்ளவத்தையில் நான் துப்புரவுக்கு ஆள் அனுப்பும் தனியார் ஆஸ்பத்திரியில் இன்று ஊழியர்களுக்குக் கொரோனாத் தடுப்பூசி போட்டார்கள். என் ஆட்கள் ஆறு பேரையும் வரிசையிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். காரணம் நான்தான். ஊழியர்களின் ஓய்வுகாலத்துக்கு முதலாளி கட்டவேண்டிய சேமலாப நிதியிலிருந்து தப்ப, அவர்களை என் பலசரக்குக் கடையின் நாட்கூலிகள் என்று பதிந்திருந்தேன். அதனால் ஆஸ்பத்திரிப் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை.

கொரோனா வார்ட்டைக் கழுவும் கொட்டாஞ்சேனை மேரி எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "முதலாளி, ரெண்டு வருசமா இங்கதானே நிக்கிறம். நாங்க என்ன, உங்கட கடையில பருப்பா நிறுத்துக் குடுத்தம்?"

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆஸ்பத்திரி மேலாளரிடம் போனேன். "பதிவைத் திருத்தி எழுதித் தாங்கோ, அடுத்த முறை பார்ப்பம்" என்றார். அடுத்த முறை எப்போது என்று அவருக்கும் தெரியாது. திருத்தினால் பழைய நிலுவையெல்லாம் என் தலையில் விழும். விழட்டும். கடிதம் எழுதி முடித்துவிட்டேன்.

பொழுதுபட மேரி எனக்குப் போன் எடுத்தாள். ஏசப்போகிறாள் என்று நினைத்தேன்.

"நாளைக்கும் எனக்கு அந்த வார்ட்தானே, முதலாளி?"

ஓம் என்றேன். வேறு ஆள் இல்லை.