வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

தங்கைக்கு,

இங்கே நான் நலம். ஒன்பது வருடம் கழித்து அண்ணன் எழுதுகிறானே என்று மாப்பிள்ளை பயப்பட வேண்டாம். அப்பா கண்மூடிய சேதியை எனக்குக் கடைசியாகச் சொன்னதை நான் மறக்கவில்லை. ஆனால் இது அதைப்பற்றி அல்ல. உன் நம்பர் என்னிடம் இல்லை. அதனால் நீ வேலை பார்க்கும் குழந்தைகள் நல அலுவலகத்துக்கே கூரியரில் அனுப்புகிறேன்.

வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளியில் கலைக் கண்காட்சி. ஒன்றாம் வகுப்புக்குக் கட்டைவிரல் ரேகையில் யானை, பூனை. ஐந்தாம் வகுப்புக்குக் காகிதக் கூழில் முகமூடி. ஒன்பதாம் வகுப்புக்குச் செருப்புப் பெட்டிக்குள் அவரவர் தூங்கும் அறை. உள்ளதை உள்ளபடி செய்ய வேண்டும், அழகுக்காக எதையும் கூட்டக்கூடாது என்பது என் சட்டம். மூன்று மாதம் உழைத்தவன் நான். அழைப்பிதழில் கலைத்துறைத் தலைவர் என்று போட்டிருப்பதோ போன வருடம் சேர்ந்தவரின் பெயர். எல்லாம் தாளாளர் புண்ணியம்.

அந்தத் தாளாளரின் மகளும் ஒன்பதாம் வகுப்புதான். அவள் பெட்டியில் கட்டில், மேசை, தீக்குச்சியில் ஜன்னல் கம்பி எல்லாம் கச்சிதம். கதவில் மட்டும் தாழ்ப்பாளை வெளிப்பக்கம் ஒட்டியிருந்தாள். இரண்டு மதிப்பெண் குறைத்து, தாழ்ப்பாளை உள்ளே மாற்று என்று சிவப்பில் எழுதினேன். மறுநாள் மாற்றாமலே கொண்டுவந்து வைத்தாள். ஏனம்மா என்றேன்.

"உள்ள தாழ்ப்பாளே இல்ல சார். அப்பா வெளியில போட்டுட்டுதான் போவாரு."

சனி, ஞாயிறு முழுக்கவா என்று கேட்டேன். தலையாட்டினாள். மூலையில் ஒரு சின்ன வாளி செய்து வைத்திருந்தாள். குப்பைக்கூடை என்று நினைத்து அதற்கு மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

தலைமையாசிரியையிடம் போனேன். பதவி கிடைக்காத ஆத்திரத்தில் பெண்பிள்ளையை வைத்துப் பழிதீர்க்கப் பார்க்கிறீர்களா என்றார். பக்கத்தில் நின்ற கிளார்க் சிரித்தார். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த மனிதரை நான் திட்டாத நாளே இந்தப் பள்ளியில் கிடையாது. இப்போது உண்மையைச் சொன்னாலும் அதுவும் என் புலம்பலோடு சேர்ந்துவிடுகிறது.

பெட்டியை என் அலமாரியில் பூட்டியிருக்கிறேன். ஆனால் பட்டியலில் அவள் பெயர் அச்சாகிவிட்டது. என் மகள் செய்தது எங்கே என்று வெள்ளிக்கிழமை அவர் கேட்பார். நான் தலைமையாசிரியையிடம் போனதை யாராவது சொல்லிவிடுவார்கள். அன்று சாயங்காலம் அவள் அவரோடுதான் வீட்டுக்குப் போயாக வேண்டும்.

வியாழக்கிழமைக்குள் வந்துவிடு. என் பெயரை எந்தக் காகிதத்திலும் எழுதாதே; எழுதினால் காரியம் கெட்டுவிடும். என்னைப் பார்க்கக்கூட வர வேண்டாம், நேராக அவளிடம் போ. கேட்டால் சொல்லக்கூடிய பெண்தான். கேட்பவர் நானாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

உன் பிள்ளைகளுக்கு என் ஆசி. சின்னவளுக்கு இப்போது எத்தனை வயது என்றுகூட எனக்குத் தெரியாது. எங்கிருந்தாலும் பத்திரமாக இருக்கட்டும்.

அண்ணன்