மாரக்காவின் தாள் மேல் ஒரு டம்ளர்

நேற்று உன் மனைவி சரசு வந்து உன் பிஸ்கட் டப்பாவைக் கையில் கொடுத்தாள். மூடியைத் திறந்ததும் இயந்திரங்களுக்கு ஊற்றும் கூலண்ட் எண்ணெய் வாடை குப்பென்று அடித்தது. நீ போய் எட்டு மாதம் ஆகியும் உன் தொழிற்சாலை அந்த டப்பாவை விட்டுப் போகவில்லை. உள்ளே தெர்மாகோலில் குழி வெட்டிப் பகடைகளை வரிசையாகச் செருகி வைத்திருக்கிறாய். தேறியதற்குப் பச்சைப் பொட்டு, தேறாததற்குச் சிவப்புப் பொட்டு. கடைசி வரிசையில் ஒரு குழி காலி. அதற்குரிய இருபது முகப் பகடை என் சட்டைப் பையில் இருக்கிறது. அது ஏன் இன்னும் அங்கே இருக்கிறது என்று உன்னிடம் சொல்லவேண்டும்.

நாம் பழகியதே ஒரு சாவை வைத்துத்தான், ஞாபகம் இருக்கிறதா? ஹெப்பாள் தொழிற்பேட்டைக்குப் போகும் பேருந்தில் நின்றுகொண்டு நான் போனில் கத்திக்கொண்டிருந்தேன். முந்தைய நாள் மின்சாரம் போனதில் நான் வீடியோ கேமை விட்டுப் பாதியில் வெளியேற, கூட்டாளிகள் என் வீரனை நடுக்களத்தில் போட்டுவிட்டு ஓடியிருந்தார்கள். "நான் இல்லாத நேரம் பாத்து என்னைச் சாக விட்டுட்டீங்களேடா, நீங்கள்லாம் மனுஷங்களா?" முன் இருக்கையிலிருந்த நீ திரும்பி, "ஏனுங்க, போலீசுக்குச் சொல்லிட்டீங்களா?" என்றாய். கண்டக்டர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபத்தில் காது சுட்டது. இறங்கும்போது நீயே டீ வாங்கிக் கொடுத்தாய்.

அடுத்த மாதமே என் வீட்டு மாடி அறையில் ஆட்டம் தொடங்கிவிட்டது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை விழுந்தபடி கதையைக் கொண்டுபோகும் ஆட்டம். நான் நடத்துகிறவன். நீ, என் அலுவலகத்துக் கன்னடக்காரி மஞ்சு, இன்னும் இரண்டு பேர் ஆடுகிறவர்கள். நான் கோட்டை, டிராகன் என்று ஆரம்பித்தேன். நீ கொட்டாவி விட்டாய். "மாப்ளே, எனக்குத் தெரிஞ்ச ஊராக் குடு. டிராகனை நான் எங்க கண்டேன்?" அதனால் பாலாற்றுச் செக்போஸ்ட் மாதிரி ஒரு எல்லை, இரண்டு ராஜ்ஜியம், நடுவில் ஒரு ஆறு என்று மாற்றினேன். ஆற்றோரக் கோபிநத்தத்துக்காரன் நீ, அந்த ஆற்றில் உன் பாத்திரமாக மாரக்காவை இறக்கினாய். ஐம்பது வயதுப் பரிசல்காரி. ஆயுதம் தொடமாட்டாள், கூலி வாங்காமல் யாரையும் ஏற்றமாட்டாள், வாயைத் திறந்தால் இரண்டு ராஜாக்களுக்கும் மரியாதை கிடையாது. அவளுடைய விவரம் எழுதிய தாளில் 'பயம்' என்ற இடத்துக்கு எதிரே 'பரிசலில் எருமை' என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு மஞ்சு மூச்சு முட்டச் சிரித்தாள்.

தொழிற்சாலையில் நீ தரம் பார்க்கிறவன். வாங்கி வந்த பகடைகளையும் வெர்னியர் அளவுகோலில் வைத்து அளந்தாய். முகத்துக்கு முகம் அளவு மாறினால் சிவப்புப் பொட்டு. "இது பொய் சொல்லும்" என்பாய். நான் பகடையைக் கைக்குள் மறைத்து உருட்டினால் உனக்கு ஆகாது. "மேசை மேல போடு. எல்லாருக்கும் தெரியோணும். நடத்தறவன் கையில கதை இருக்கலாம், பகடை இருக்கக் கூடாது."

இன்னொரு சட்டமும் உன்னுடையதுதான். உனக்கு வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் மாறும். ஒரு ஞாயிறு நீ வராதபோது, நான் மாரக்காவை வைத்து ஒரு சண்டையை ஓட்டி அவள் கையை உடைத்துவிட்டேன். அடுத்த வாரம் வந்து தாளைப் பார்த்தாய். திட்டவில்லை. "பந்தியில கை கழுவப் போனவன் இலையில எடுத்துத் திம்பியா?" என்று மட்டும் கேட்டாய். அன்றிலிருந்து வராதவரின் தாளைக் கவிழ்த்து, மேலே ஒரு டம்ளர் தண்ணீர் வைப்போம். யாரும் தொடக்கூடாது. டம்ளர் இருந்தால் அந்த ஆள் எங்கோ பத்திரமாக இருக்கிறார் என்று அர்த்தம். நாற்பது விதி எழுதி வைத்திருக்கும் எத்தனையோ குழுக்களைப் பிறகு பார்த்துவிட்டேன். இந்த ஒன்றுக்கு ஈடான விதி ஒன்றுகூட அவற்றில் இல்லை.

பிறகு எனக்குப் புத்தி கெட்டது. ஆட்டத்தை நேரலையாகக் காட்டலாம் என்றேன். ஆளுக்கொரு வீட்டிலிருந்து ஆடினோம், பார்க்க ஆட்கள் வந்தார்கள், அவர்கள் கூடிப் பேச இணையத்தில் சர்வர் என்கிற அரட்டைக் குழு ஒன்றைத் திறந்தேன். அதைக் கவனிக்க வினய் என்று ஒருவன் வந்து ஒட்டிக்கொண்டான். நீ மட்டும் முகம் சுளித்தாய். "பாக்கறவனுக்காக ஆடினா அது கூத்து மாப்ளே. கூத்து நல்லதுதான். ஆனா கூத்துன்னு சொல்லிட்டு ஆடோணும்." உனக்கு விவரம் போதாது என்று நினைத்தேன். சீ, என்ன திமிர் எனக்கு!

அந்த சர்வரை இப்போது நினைத்தாலும் அருவருப்பாக இருக்கிறது. ஆட்டம் பற்றிப் பேச ஒரு அறை, மீதி எல்லாம் புறணி. யார் யாரை வெளியே தள்ளுவது, யார் பெயருக்குப் பக்கத்தில் எந்த நிறப் பட்டம் என்று அடிதடி. இருபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், ஒரு ஊதா நிறத்துக்காக மாதக்கணக்கில் பேசாமல் இருந்தார்கள். ஒருத்தி ஆட்டத்தில் தவறான முடிவெடுத்தாள் என்று அவளுடைய அலுவலகத்துக்கே கடிதம் எழுதினான் ஒருவன். அவனைத் துரத்து என்று நான் சொன்னதற்கு, அவன் தினமும் எழுதுகிறான், குழு உயிரோடு இருக்க அப்படிப்பட்டவர்கள் வேண்டும் என்றான் வினய். நானும் சரி என்றேன். அந்தச் 'சரி'யையும் சேர்த்துத்தான் துப்புகிறேன்.

உனக்குச் சிறுநீரகம் போய் டயாலிசிஸ் தொடங்கிய பிறகு, மாரக்காவின் தாள் வாரக்கணக்கில் கவிழ்ந்தே கிடந்தது. என் கேமராவில் அந்த டம்ளர் தெரியும். 'மாரக்கா எங்கே?' என்று கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள், 'அவளை முடித்துவிடுங்கள், அழுது தீர்க்கிறோம்' என்று எழுத ஆரம்பித்தார்கள். "ஒரு கிராண்ட் சாவு குடுங்க சார், ஆடியன்ஸ் அதுக்காகக் காஞ்சு போயிருக்காங்க" என்றான் வினய். காய்ந்து போயிருக்கிறார்களாம்! அப்போதே போனை வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை.

அந்த ஞாயிறு டம்ளரைத் தூக்கினேன். தாளைத் திருப்பினேன். 'அவனைக் கேட்டியா?' என்று மஞ்சு தனியாகச் செய்தி அனுப்பினாள். பார்த்தேன், பதில் போடவில்லை. வெள்ளத்தில் நண்பர்களைக் கரையேற்றிவிட்டு மாரக்காவின் பரிசல் சுழியில் மாட்டுகிறது. பத்துக்கு மேல் விழுந்தால் பிழைப்பாள் என்று அறிவித்துவிட்டு, நீ பச்சைப் பொட்டு வைத்துக் கொடுத்த பகடையைக் கேமராவுக்குப் படாமல் உருட்டினேன். பிறகு "மூணு" என்றேன். கேமராவைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அன்றைக்கு வந்த கூட்டம் அதற்கு முன் வந்ததே இல்லை. மஞ்சு கேமராவை அணைத்துவிட்டுப் போனவள், அதன் பிறகு என்னோடு பேசவில்லை. மற்ற இருவரும் அவளோடு போனார்கள்.

மறுநாள் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நீ கேட்டாய், "என்ற மாரக்கா எப்படி இருக்கறா?"

"கரையிலதான் இருக்கா. உனக்காகக் காத்துட்டிருக்கா."

"செரி" என்றாய். பிறகு சரசு கொண்டுவந்த கஞ்சியில் உப்பு இல்லை என்று பேச்சை மாற்றினாய். இரண்டு வாரத்தில் போய்விட்டாய்.

நீ போன பிறகு நடந்த கூத்தைக் கேள். மாரக்கா மூழ்கும் துண்டுக் காட்சிக்குச் சோக இசை சேர்த்து அஞ்சலி என்று பரப்பினார்கள். உன்னோடு ஒரு வார்த்தை பேசியிராதவர்கள் 'என் அண்ணன்' என்று எழுதினார்கள். யார் முதலில் அழுதது என்று அதிலும் சண்டை. போன வாரம் வினய் ஒரு வாக்கெடுப்பு வைத்தான்: பழைய பதிவுகளைக் கணினிக்குக் கொடுத்து உன் குரலைச் செய்து, மாரக்காவைப் பேயாகக் கொண்டுவரலாமா? ஆமாம் என்று வரிசையாக விழுந்துகொண்டிருந்தது. நான் தடுக்கவில்லை. தாளை முதலில் திருப்பியது யார்?

நேற்று டப்பாவைக் கொடுத்துவிட்டுச் சரசு வாசலில் நின்றாள். "அவரு அந்த ஆட்டத்தைப் பாத்தாருங்கண்ணா. அதுக்கு மக்யா நாள் காலையில டயாலிசிஸ்ல இருக்கையில, கையில ஊசி, நான்தான் போனைப் புடிச்சுட்டு நின்னேன்" என்றாள்.

"என்ன சொன்னான்?"

"திட்டலீங்க. 'பகடையைக் காட்டுனானா?'ன்னு கேட்டாரு. இல்லீங்க, காட்டலைன்னேன். அப்புறம் கண்ணை மூடிட்டாரு."

அப்படியானால் அன்று சாயங்காலம் எல்லாம் தெரிந்துதான் கேட்டிருக்கிறாய். நான் வாயால் சொல்ல ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறாய். அதையும் தவற விட்டேன்.

இப்போது சொல்கிறேன். பதினேழு விழுந்தது. நீ அளந்து கொடுத்த பகடை பொய் சொல்லவில்லை, நான் சொன்னேன். மாரக்கா பிழைத்துவிட்டாள். கூட்டத்துக்காக நான்தான் அவளை அமுக்கினேன். கரையில் இருக்கிறாள் என்று ஆஸ்பத்திரியில் உன்னிடம் சொன்னேனே, பொய்யென்று நினைத்துச் சொன்னேன். அதுதான் நிஜம்.

சரசு போனதும் சர்வரில் இதையே எழுதினேன். பதினேழு விழுந்தது, நான் ஏமாற்றினேன், இல்லாதவனின் தாளைத் தொட்டேன் என்று. ஒரு நிமிடத்தில் நெருப்பு எமோஜிகளாகக் கொட்டின. 'என்ன ட்விஸ்ட்!' 'மெய்சிலிர்த்தது!' வினய் உடனே போன் செய்தான். "சார், சூப்பர் மூவ்! அடுத்த சீசனுக்கு இதைவிட ஓப்பனிங் வேணுமா?" த்தூ என்று சத்தமாகவே சொன்னேன். இணைப்பு சரியில்லை என்று நினைத்து 'ஹலோ, ஹலோ' என்றான். சர்வரை அழித்தேன். 'நிச்சயமாகவா?' என்று அது இரண்டு தடவை கேட்டது, இரண்டு தடவையும் அழுத்தினேன். துண்டுக் காட்சி இன்னும் எங்கெங்கோ ஓடும், அதற்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

பிறகு மஞ்சுவைக் கூப்பிட்டேன். இன்று காலை மூவரும் மாடிக்கு வந்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் என்னைத் தேற்றவில்லை. அதுவே நிம்மதியாக இருந்தது.

கடைசியில் மஞ்சு கேட்டாள், "அப்போ அவ கரையில இருக்கா, ஹௌதா?"

"ஆமா."

அவளே கீழே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். மாரக்காவின் தாளைக் கவிழ்த்து, மேலே டம்ளரை வைத்தாள். வழக்கம்போல நடத்துகிறவனின் நாற்காலியில் உட்காரப் போனேன். கையை நீட்டித் தடுத்தாள்.

"பேடா குரு, வேணாம். இனிமே நான் நடத்தறேன். நீ அந்தப் பக்கம் உக்காரு."

உன் பழைய இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கென்று ஒரு புதுத் தாள் எழுதினேன். முதல் காரியமே ஆற்றைத் தாண்டுவது. சட்டைப் பையிலிருந்து பச்சைப் பொட்டுப் பகடையை எடுத்து, மேசை நடுவில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உருட்டினேன்.

நாலு விழுந்தது. நாலு என்று சொன்னேன்.