கிரேஸ் டால்டனின் கடிதம்

சான் எலியாஸ், டெக்சாஸ்
6 செப்டம்பர் 1994

அன்புள்ள ஓடிலியா,

நலம்தானே? மூட்டுவலி தேவலையா? நீ பள்ளி வாரியத் தலைவியானதைப் பேப்பரில்தான் பார்த்தேன். எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஒரு சின்ன உதவி. என் பேத்தி டெஸா இரண்டாம் வகுப்பு, நன்றாகப் படிக்கிறவள். அவளைக் கொண்டுபோய் மந்தப் பிள்ளைகள் வகுப்பில் போட்டிருக்கிறார்கள். அங்கே முழுக்க மெக்சிகோப் பிள்ளைகள். டீச்சரைக் கேட்டால், "மொகத்தப் பாத்து இங்கிலீஷ் வராதுன்னு நெனச்சிட்டோம்" என்கிறாள். டெஸாவுக்கு ஸ்பானிஷில் ஒரு சொல்கூடத் தெரியாது. நிறத்தில் மட்டும் என் அம்மாவைக் கொண்டு பிறந்துவிட்டாள். அவள் அந்தக் கூட்டத்துப் பிள்ளை இல்லையே. சத்தமில்லாமல் அவளை மட்டும் மாற்றிவிடு.

பழைய அன்புடன்,
கிரேஸ் டால்டன்


10 செப்டம்பர்

கிரேசியேலா,

பழையது எனக்கும் மறக்கவில்லை, நீ கிரேஸ் ஆவதற்கு முன் இருந்த இந்தப் பெயரும்தான். ஸ்பானிஷ் பேசினால் அடி என்றிருந்த பள்ளி மைதானத்தில் நாம் இரண்டு பேரும்தான் ஸ்பானிஷில் பேசிச் சிரித்தோம். பிரின்சிபால் வந்ததும், "அவதான் சார் பேசினா, நான் இல்ல" என்று என்னைக் கைகாட்டினாய். பலகையால் எனக்கு அடி விழுந்தது. ஆட்டக்காரர்களை ஆடிப்பாடி உற்சாகப்படுத்தும் சியர்லீடர் குழுவில் நம் மெக்சிகோப் பெண்களுக்கென்று விட்டுவைத்த ஒரே இடம் அந்த வாரமே உனக்குக் கிடைத்தது. கணக்குப் பாடத்தில் முதலாவதாக வந்த என்னைத் தையல் வகுப்புக்குத் தள்ளினார்கள்.

உன் பேத்தியை மாற்றுகிறேன். ஆனால் நீ வியாழக்கிழமை வாரியக் கூட்டத்தில் வந்து நின்று, எனக்கு எழுதியதை ஊர் முன்னால் சொல்.

ஓடிலியா சென்டெனோ


13 செப்டம்பர்

ஓடிலியா,

என் புகுந்த வீட்டாருக்கு நான் மெக்சிகோக்காரி இல்லை, ஸ்பெயின் வம்சம். முப்பது வருஷமாகக் கட்டிக் காத்த பேச்சு அது. என்னை நிற்க வைக்காதே. உன் காலில் விழுகிறேன்.

கிரேஸ்


16 செப்டம்பர்

கிரேசியேலா,

நீ வரவில்லை. உன் முதல் கடிதத்தை நானே வாசித்தேன். உன் மருமகள் முன்வரிசையில் இருந்தாள். பாதியிலேயே எழுந்து போய்விட்டாள்.

அந்த வகுப்பையே கலைத்துவிட்டோம். டெஸா மற்ற பிள்ளைகளோடு திங்கட்கிழமை முதல் நல்ல வகுப்பில் உட்காருவாள். பிள்ளைகளுக்காகத்தான் வாசித்தேன் என்று ஊர் என்னைப் புகழ்கிறது. உன்னிடம் எதற்குப் பொய்? பெயரை மறைத்து வாசித்திருந்தாலும் காரியம் நடந்திருக்கும். நான் உன் பெயரை நிறுத்தி நிதானமாக வாசித்தேன், பிறந்த வீட்டுப் பெயரையும் சேர்த்து.

ஓடிலியா