தேசிக்காய்க்குப் போகாத கறை

சண்டை போட ஆளில்லாமல் என்னை விட்டுப் போன சாந்தி அக்காவுக்கு,

ஒரு வாரமாக எரிச்சல் தாங்கவில்லை. யாரிடம் கொட்டுவது? அம்மாவிடம் சொன்னால் அழுவாள். அப்பாவிடம் சொன்னால், "டொக்டரு வேல கெடச்சும் ஏன் புள்ள மொகத்த இப்பிடி வச்சிருக்க" என்பார். நீ குறுக்கே பேசமாட்டாய், அதனால் உனக்கே எழுதுகிறேன்.

செய்தி இதுதான். உன் தங்கச்சி இப்போது பதுளைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில், பொது மருத்துவ வாட்டில் வேலை செய்கிறாள். மேற்படிப்புக்கு எந்தத் துறை என்று முடிவு சொல்லவேண்டிய நேரம். கூட வேலை செய்கிற யாழ்ப்பாணத்து டொக்டர் குகன், தேத்தண்ணி குடிக்கப் போகும்போதெல்லாம் பாடம் எடுக்கிறார்.

"மெடிசினே எடுக்கப் போறீர்? உமக்கென்ன விசரே? தோலை எடும். தோல் வருத்தக்காரர் சாகவும் மாட்டினம், முழுசாச் சுகப்படவும் மாட்டினம். விடிய மட்டும் நிம்மதியா நித்திரை கொள்ளலாம்."

சிரித்துவிட்டேன். அவர் கெட்டவரில்லை. எல்லோரும் இப்படித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். இரவில் எழுப்பாத துறை, கொழும்பில் சொந்தமாக கிளினிக் வைக்கக்கூடிய துறை, பிள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடம் கிடைக்கிற ஊர். என்னவென்றே தெரியாத நோயோடு தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் சுருண்டு கிடக்கிறவளை யார் தேர்ந்தெடுப்பது?

போன வாரம் தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து செல்வராணி என்று ஒருவர் வந்தார். நீ இருந்திருந்தால் உன் வயது. எலும்பும் தோலும், எழுந்து நின்றால் தலைச்சுற்று, சாப்பிட்டதெல்லாம் வாந்தி. முன்பும் வந்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் சேலைன் ஏற்றியதும் எழுந்து உட்காருவார், வயிற்றுப் புண் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இந்தத் தடவை குழாய் விட்டுப் பார்த்தார்கள். வயிற்றில் புண்ணே இல்லை. அப்படியென்றால் மனதில்தான் ஏதோ என்றாகிவிட்டது.

"புருஷன் குடிப்பானா என்று கேள்" என்றார் எங்கள் பெரிய டொக்டர், சிங்களத்தில். குடிப்பான். அவ்வளவுதான், நோயைக் கண்டுபிடித்தாயிற்று. தோட்டத்துப் பெண், குடிகாரப் புருஷன் என்று இரண்டு சொல் கிடைத்துவிட்டால் அதற்குமேல் யாரும் யோசிப்பதில்லை. மறுநாள் வீட்டுக்கு அனுப்புவதாக முடிவு.

எனக்கு மனசு கேட்கவில்லை. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மடியில் இரண்டு கையையும் மூடி வைத்திருந்தார். நாடி பார்க்கக் கேட்டேன். கையை நீட்டினார், விரலை விரிக்கவில்லை.

"கையத் தொறங்கக்கா."

"வேணாங்க டொக்டர். கொழுந்துக் கறையா இருக்கு."

"நானும் ஸ்பிரிங்வெளி தோட்டத்து லயத்துப் புள்ளதான். எங்கம்மா கையில இல்லாத கறையா?"

"அப்பிடிங்களா? பாத்தா பெரிய வீட்டு நோனா மாதிரி இருக்கீங்க" என்று சிரித்தார். விரித்தார். ரேகை ஒவ்வொன்றும் கறுப்பு.

"கடைசியா எப்ப கொழுந்து பறிச்சீங்க?"

"தீவாளிக்கு முந்தியே நின்னுட்டேங்க. இப்ப பொங்கலும் போயிருச்சே."

"அப்பறம் ஏன் கறை போகல?"

"தேசிக்காப் புளிய வச்சுத் தேய்ச்சுக்கிட்டேதான் இருக்கேன். மத்தவளுகளுக்குப் போகுது. எனக்குத்தான் போகமாட்டேங்குது."

நான் எழுந்து நின்றுவிட்டேன் அக்கா.

நீ விடிகாலைப் பெரட்டில் பேர் கொடுத்துக் கொழுந்து பறிக்கப் போவதை நிறுத்திப் படுத்த பிறகும் அம்மா உன் உள்ளங்கையைத் தேசிக்காயால் தேய்த்துக்கொண்டேயிருந்தாள். ஆஸ்பத்திரிக்குச் சுத்தமாகப் போகவேண்டுமாம். கறை போகவில்லை. நீ கையை மூடிக்கொண்டாய். கஞ்சியில் உப்பை அள்ளி அள்ளிப் போடுவாய். "என்னாடி, கடலுக்குள்ளயா பொறந்த நீ?" என்பாள் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த ராக்கு அக்கா. "ஆமா, ஒங்க வீட்டு உப்பையும் குடுங்க" என்பாய். முகம் கறுத்ததை வெயில் என்றார்கள். உதட்டுக்குள் கறுத்ததை வெற்றிலை என்றார்கள். கை கறுத்ததைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கொழுந்து பறிக்கிறவள் கை வேறெப்படி இருக்கும்?

சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி ஒரு சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. அது செத்துப்போனால் உடம்பில் உப்பு தங்காது. தோல் கறுக்கும், ரேகை கறுக்கும். அப்புறம் சும்மா ஒரு காய்ச்சல் போதும், இரத்த அழுத்தம் விழுந்து ஆள் போய்விடும். நீ போன மாதிரியே. பாடப்புத்தகத்தில் படத்தோடு போட்டிருக்கிறது. ஒரு வெள்ளைக்காரியின் உள்ளங்கை. தேயிலைக் கறை படிந்த கையின் படம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

செல்வராணியின் பழைய இரத்தப் பரிசோதனைகளை எடுத்துப் பார்த்தேன். முதல் தடவை வந்தபோதே உப்பு குறைவு. வாந்தியால் என்று விட்டுவிட்டார்கள். பெரிய டொக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"கொழுந்து பறிக்கிறவர்கள் எல்லோருக்கும் இப்படித்தானே?"

"தீபாவளிக்கு முன்பே நிறுத்திவிட்டார் சேர்."

கையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். "இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பு. பதிலுக்குக் காத்திருக்காதே, ஊசியைப் போடு" என்றார். தப்பு என்று தெரிந்ததும் திரும்பிப் பார்க்கிற மனிதர். அதற்காக அவர்மீது கொஞ்சம் கோபம் குறைந்தது. கொஞ்சம்தான்.

மறுநாள் மத்தியானம் செல்வராணி எழுந்து உட்கார்ந்து சோறு சாப்பிட்டார். "ஒரு துண்டு கருவாடு இருந்தா நல்லா இருக்குமுங்க" என்றார். கொழும்பிலிருந்து பதில் வந்தது, நான் நினைத்த அந்தச் சுரப்பி நோய்தான். இனி ஆயுசுக்கும் மாத்திரை. என்ன மாத்திரை தெரியுமா? மூச்சு இழுப்புக்காரர்களுக்குத் தோட்ட டிஸ்பென்சரியில் எடுத்துக் கொடுப்பார்களே, அதே வகை. நம் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் அம்மா வாங்கிக்கொண்டு போவாள். உன் மருந்து, அந்த டிஸ்பென்சரியில் நீ வாந்தி எடுத்த இடத்துக்கு எதிர் அலமாரியில் இருந்தது. இதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

உன்மீதும் கோபம் வருகிறது. ஏன் கையை மூடினாய்? யாருக்காக வெட்கப்பட்டாய்? அந்தக் கறையைத் தேத்தண்ணியாகக் கரைத்துக் குடித்துவிட்டுத்தானே டொக்டர்மார் நாங்கள் வாட்டுக்கே வருகிறோம்.

குகன் விடவில்லை. "பாத்தீரே, தோலிலதானே தெரிஞ்சது. அப்ப தோலை எடும்."

"தோல் டொக்டர்கிட்ட அனுப்பியிருந்தா வெளுக்க ஒரு கிரீம் குடுத்திருப்பாரு."

சிரித்தார். அப்புறம் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, "மெடிசினுக்கே போம்" என்றார்.

நேற்று செல்வராணி வீட்டுக்குப் போனார். வாசலில் புருஷன் நின்றான், குடிக்காமல் வந்திருந்தான். செல்வராணி வாட்டுக் கதவில் திரும்பி எனக்குக் கை காட்டினார். ரேகை இன்னும் கறுப்புத்தான், வெளுக்க நாளாகும். ஆனால் விரல்களை அகல விரித்திருந்தார்.

பொது மருத்துவம்தான் அக்கா. முடிவு சொல்லிவிட்டேன். படித்து முடித்து இந்த மலைக்கே திரும்பி வருவேன், இரவில் எழுப்பட்டும். எந்த மகராசி வந்து கையை மூடிக்கொண்டு உட்கார்ந்தாலும், அது விரியும்வரை பக்கத்திலிருந்து எழுந்திருக்கமாட்டேன்.

கஞ்சியில் உப்புக் கூடிப்போச்சு என்று உன்னோடு சண்டை போட்ட தங்கச்சி,
மாலதி