படையலில் வைத்த சத்து மாத்திரை

என் செல்ல அம்மாவுக்கு,

நீ போய் வருஷம் திரும்பிவிட்டது. வருஷப் படையலுக்கு வந்தவள், வாந்தியும் மயக்கமுமாக நம் வீட்டிலேயே தங்கிவிட்டேன். ஆமாம் அம்மா, நீ தீர்த்தமலை ஏறி வேண்டிக்கொண்டது நடந்துவிட்டது. உன் மகள் உண்டாகியிருக்கிறேன். இதை உன்னிடம் முதலில் சொல்ல முடியவில்லையே என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

படையலன்று அத்தை பண்ணிய கூத்தைக் கேள். இலையில் உனக்குப் பிடித்ததையெல்லாம் வைத்தோம். பணியாரம், கருவாட்டுக் குழம்பு, வெற்றிலை. அத்தை என்னடாவென்றால் பீரோவிலிருந்து உன் சத்து மாத்திரை டப்பாவையும் கொண்டுவந்து இலையோரம் வைத்துவிட்டார்.

"எங்க அண்ணிக்கு இதவுட இஷ்டமானது என்ன இருக்குது?"

அவர் சொன்னதும் சரிதான். டாக்டர் உனக்கு எழுதிக் கொடுத்ததை ஊருக்கே பங்கு வைத்தவள் அல்லவா நீ? கால் வலி என்று யார் வந்து உட்கார்ந்தாலும், "சத்துதான, ஒண்ணு போட்டுக்க" என்று நீட்டிவிடுவாய்.

மறுநாளிலிருந்து அப்பா தினமும் காலையில் அந்த டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். "உங்கம்மா இருந்தா குடுத்திருப்பா கண்ணு. படையல்ல வெச்சது, வேணாங்கக் கூடாது."

எனக்கு டாக்டர் எழுதிய மாத்திரைகள் தனியாக இருந்தன. ஆனால் நீ போன பிறகு அப்பா தானாக எழுந்து செய்த முதல் காரியம் இது. எப்படியம்மா வேண்டாம் என்பேன்? சத்துதானே என்று நானும் விழுங்கிவைத்தேன்.

தருமபுரிக்குச் செக்கப்புக்குப் போனபோது, வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறேனா என்று டாக்டரம்மா கேட்டார். நான் தயங்கினேன். அப்பா பெருமையாகப் பையிலிருந்து டப்பாவை எடுத்து நீட்டினார். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

"இது யாருக்கு எழுதினதுங்க?"

"எங்க வூட்டம்மாவுக்குங்க."

"தேதி முடிஞ்சிருக்கே. அவங்களையும் ஒருதடவ கூட்டிட்டு வாங்க, பாக்கலாம்."

"அவ இல்லீங்கம்மா."

டாக்டரம்மா டப்பாவை மூடி அப்பா கையிலேயே வைத்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார். அதிலிருக்கும் இரும்புச்சத்தும் வைட்டமின் ஏ-யும் எனக்கு எழுதியதிலும் இருக்கின்றனவாம். இந்த மாதங்களில் வைட்டமின் ஏ அளவுக்கு மிஞ்சினால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாதாம்.

"சத்து மாத்திரையா இருந்தாலும் ஆளுக்கு ஆள் அளவு மாறும்ங்க. கொஞ்ச நாள்தான சாப்பிட்டிருக்காங்க, பயப்படாதீங்க. இத இன்னியோட நிறுத்திடுங்க. அஞ்சாம் மாச ஸ்கேன்ல பாத்துக்கலாம்."

டப்பாவை அங்கேயே கொடுத்துவிட்டோம். கொடுக்கும்போது அப்பாவுக்குக் கை வரவில்லை. மொரப்பூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கேட்டார். "பேரப்புள்ளைக்கு நானே கெடுதல் பண்ணிட்டனா கண்ணு?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். உன் மேல் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபத்தோடேயே அழுகையும் வந்தது. கொடுப்பதற்கு அப்படி என்னம்மா அவசரம் உனக்கு?

அதன்பின் அப்பா சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. போன வாரம் ஸ்கேன் எடுத்தார்கள். பிள்ளை நன்றாக இருக்கிறது அம்மா, குறை ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். அப்பா அத்தனை பேர் நடுவில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

நேற்றுக் காலை நான் மாத்திரை அட்டையைக் கிழித்துக்கொண்டிருந்தேன். அப்பா சமையலறையிலிருந்து ஒரு செம்போடு வந்து நின்றார்.

"மாத்திரைய நீயே பாத்து எடுத்துக்க கண்ணு. தண்ணி நான் குடுக்கலாந்தான? அதுக்கு டாக்டரம்மாவ கேக்க வேண்டியதில்லையே?"

வாங்கிக் குடித்தேன். செம்பு காலியாகும்வரை அவர் அங்கேயே நின்றார்.

அம்மா, உன் பேரைச் சொல்லிக் கொடுக்க இந்த வீட்டில் சோறு இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. வருகிறவர்களுக்கு அதைக் குறைவில்லாமல் கொடுப்பேன். மருந்து மட்டும் யாருக்கு எழுதினார்களோ அவர்களுக்குத்தான். அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ நிம்மதியாக இரு.

உன் வயிற்றில் பிறந்து, உன் பேரப்பிள்ளையைச் சுமக்கும் மகள்,
கலா